நியூஜெர்சியில் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு: போலீஸ் நிறுத்தியதையும் மூச்சுச் சோதனையையும் எப்படிக் கேள்வி கேட்பது

வழக்குப் போட்ட பிறகு நீதிபதி முன் நின்று "நான் அவ்வளவாகக் குடிக்கவில்லை சார்" என்று சொல்வதால் எதுவும் மாறுவதில்லை. போலீஸ்காரர் எதற்காக வண்டியை நிறுத்தினார், எந்தக் காரணத்தால் கைது செய்தார், ஊதச் சொன்ன மெஷின் அன்று சரியாக இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் அரசுத் தரப்பு ஆதாரத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். எடிசன், பிஸ்காட்டவே, ஜெர்சி சிட்டி பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் நம்மவர்களுக்கு இது தெரிவதில்லை. அவமானத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல், முதல் தேதியிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு விசா விஷயம் வரும்போதுதான் யாரையாவது கேட்கிறார்கள்.

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்புகளைத் தயார் செய்யும் வேலையில் இருப்பவன் நான். இங்கே எழுதுவது நியூஜெர்சி சட்டத்தை வைத்து. மற்ற மாநிலங்களில் அடிப்படை ஒன்றுதான் என்றாலும் விவரங்கள் நிறைய மாறும். யூட்டாவில் ரத்தத்தில் இருக்கும் மதுவின் அளவு வரம்பே 0.05 சதவீதம். டெக்ஸாஸிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் குடிபோதைச் சோதனைச் சாவடியே கிடையாது. உங்கள் வழக்குக்கு உங்கள் ஊர் லாயரைத்தான் பார்க்க வேண்டும்; அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

குற்றச்சாட்டு என்ன என்று முதலில் பாருங்கள்

கையில் கொடுத்த டிக்கெட்டில் 39:4-50 என்று இருந்தால் அது குடித்துவிட்டு ஓட்டியது, இங்கே எல்லோரும் சொல்லும் டிடபிள்யூஐ. 39:4-50.4ஏ என்று இருந்தால் மூச்சுச் சோதனைக்கு மறுத்தது. இரண்டும் தனித்தனி வழக்கு. பலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

நியூஜெர்சியில் டிடபிள்யூஐ ஒரு போக்குவரத்துக் குற்றம்தான், கிரிமினல் குற்றமாக எண்ணப்படுவதில்லை. முனிசிபல் கோர்ட்டில் ஒரே நீதிபதி விசாரிப்பார், ஜூரி கிடையாது. அதற்காக லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் முறை, 0.08க்கு மேல் 0.10க்குள் என்றால் அபராதம் 250 முதல் 400 டாலர், வண்டியில் இன்டர்லாக் (மூச்சில் மது இருந்தால் வண்டியைக் கிளம்பவிடாத கருவி) 3 மாதம். 0.10க்கு மேல் போனால் இன்டர்லாக் 7 மாதம் முதல் ஒரு வருடம். 0.15ஐத் தொட்டால் லைசன்ஸும் மாதக்கணக்கில் போகும். அபராதத்தைவிடப் பெரிய அடி, வருடத்துக்கு 1,000 டாலர் வீதம் 3 வருடம் கட்ட வேண்டிய சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம். இன்சூரன்ஸ் ஏறுவது தனிக்கதை.

எல்லாக் கணக்கையும் மாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குற்றத்தை இரண்டு வழியில் நிரூபிக்கலாம். ஒன்று, மெஷின் காட்டிய 0.08. இன்னொன்று, போலீஸ்காரர் கண்ணால் கண்டது: தள்ளாட்டம், குழறிய பேச்சு, சிவந்த கண், மதுவாடை, வண்டி ஓடிய விதம். மெஷின் ரிப்போர்ட்டை உடைத்துவிட்டாலே ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. ஆனால் ஆரம்பத்தில் வண்டியை நிறுத்தியதே தவறு என்று முடிவானால், இரண்டு வழியும் சேர்ந்தே அடைபடும். நான் கோப்பை எப்போதும் முதல் நிமிடத்திலிருந்து படிப்பது இதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள்

தூங்கி எழுந்ததும் முதல் வேலை, நடந்ததைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ வரிசையாக எழுதுவது. மேலே "என் வழக்கறிஞருக்காக" என்று குறியுங்கள். வாட்ஸப் குழுவில் போடாதீர்கள், நண்பருக்குக்கூட அனுப்பாதீர்கள்.

எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள். எந்தச் சாலை. போலீஸ் எவ்வளவு நேரம் பின்னால் வந்தது. நிறுத்தியதும் அவர் சொன்ன முதல் வாக்கியம். களச் சோதனை செய்த இடத்தில் தரை சாய்வா, மழையா, காலில் என்ன செருப்பு. ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு உட்கார வைத்தார்கள், எத்தனை மணிக்கு ஊதச் சொன்னார்கள், நடுவில் யார் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்பம் வந்ததா, நெஞ்செரிச்சலா, வாயில் பாக்கோ சூயிங்கமோ இருந்ததா. அற்பமாகத் தெரியும் இந்தக் கடைசி வரிதான் சில வழக்குகளில் உயிர்நாடி. ஏன் என்று பிறகு வருகிறேன்.

இன்னொரு வேலை காமிரா. 2021 ஜூன் முதல் நியூஜெர்சியில் ரோந்துப் போலீஸ் உடல் காமிரா அணிய வேண்டும் என்பது சட்டம். உடல் காமிரா, போலீஸ் கார் காமிரா, ஸ்டேஷன் அறைக் காமிரா மூன்றின் பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி உங்கள் லாயர் உடனே கடிதம் அனுப்ப வேண்டும். ஸ்டேஷன் அறைப் பதிவு சீக்கிரம் அழிந்துவிடக்கூடியது.

நிறுத்தியது செல்லுமா?

போலீஸ் ஒரு வண்டியை நிறுத்த, சட்டமீறல் நடந்தது அல்லது நடக்கிறது என்ற நியாயமான சந்தேகம் வேண்டும். 'ஏதோ தோன்றியது' போதாது. எந்தக் காரணமும் இல்லாமல் லைசன்ஸ் பார்க்க ஒரு வண்டியை மட்டும் பொறுக்கி நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979லேயே டெலவேர் எதிர் ப்ரவுஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வாரன்ட் இல்லாமல் நிறுத்தியதால், அது சரிதான் என்று நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் மேல். இதை நம்மவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'என் மேல் தப்பில்லை என்று நான் எப்படி நிரூபிப்பது' என்று கவலைப்படுகிறார்கள்.

போலீஸ் ரிப்போர்ட்டில் நிறுத்தியதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். லேன் மாறியது, வேகம், சிக்னல் என்றால் காணொளியில் அது தெரிகிறதா? காரணம் வண்டியைப் பற்றியது என்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் கடந்த சில வருடங்களில் இந்தச் சின்னக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்திருக்கிறது.

ஹை பீம் போட்டு வந்தார் என்று நிறுத்திய வழக்கு ஸ்கிரிவன், 2016. எதிரே வண்டி வந்தால்தான் ஹை பீமைக் குறைக்க வேண்டும் என்பது சட்டம். எதிரே யாரும் ஓட்டி வராதபோது நிறுத்தியது செல்லாது என்றது கோர்ட். சட்டத்தைப் போலீஸ்காரர் தவறாகப் புரிந்துகொண்டது அவருக்கு மன்னிப்பாகவில்லை. நம்பர் பிளேட்டைச் சுற்றிப் போடும் ஃப்ரேம் பற்றியது 2021ல் வந்த தீர்ப்பு. பிளேட்டில் அச்சிட்டிருக்கும் 'கார்டன் ஸ்டேட்' என்ற எழுத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்தாலும் வாசிக்கத் தெரிந்தால் குற்றமில்லை, முழுக்க மறைத்தால் குற்றம். கார் வாங்கிய கடைக்காரர் தன் பெயர் போட்டு மாட்டித் தரும் அதே ஃப்ரேம்தான். உங்கள் வண்டியிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி பற்றி 2022ல் ஸ்மித் வழக்கு: உள்ளே இருப்பவரையோ பொருளையோ தெளிவாகப் பார்க்க முடியாத அளவுக்கு இருட்டாக இருந்தால்தான் நிறுத்தலாம். இவையெல்லாம் துப்பாக்கி, போதைப்பொருள் தொடர்பான வழக்குகள். ஆனால் நிறுத்தியது செல்லுமா என்ற விதி எல்லோருக்கும் ஒன்றே.

எடுபடாத வாதங்களும் உண்டு. முகம் தெரியாத ஒருவர் 911க்கு அழைத்து 'ஒரு வண்டி தாறுமாறாகப் போகிறது' என்று வண்டி அடையாளத்தோடு சொன்னால், அதை நம்பி நிறுத்தலாம். நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2003ல் கொலோட்டா வழக்கில் இதை ஏற்றது. சோதனைச் சாவடியும் அப்படியே. 1990ல் மிச்சிகன் எதிர் சிட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஆனால் நியூஜெர்சியில் மேலதிகாரி ஏற்கெனவே திட்டமிட்ட இடம், நேரம், ஓட்டுநருக்கு முன்னெச்சரிக்கை ஆகியவை வேண்டும். இரண்டு ரோந்துக்காரர்கள் தாங்களாகவே முடிவெடுத்துச் சாலையை மறித்திருந்தால் கேள்வி கேட்கலாம்.

நின்ற வண்டி பற்றி ஒரு வார்த்தை. குளிருக்கு எஞ்சினைப் போட்டுவிட்டு, பார்க்கிங்கில் ஓட்டுநர் இருக்கையில் தூங்குவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டும் எண்ணம் இருந்ததாகச் சூழ்நிலை காட்டினால் அதுவும் ஓட்டியதாகவே கொள்ளப்படும்.

ஜன்னலை இறக்கியது முதல் கைவிலங்கு வரை

வேகத்துக்காக நிறுத்தியவர் அந்த வேலை முடிந்தபின், புதுச் சந்தேகம் ஏதும் இல்லாமல் உங்களை நிறுத்தி வைக்கக் கூடாது. 2015ல் ரொட்ரீகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நடைமுறையில் மதுவாடை அடித்தது என்று ஒரு வரி ரிப்போர்ட்டில் இருந்தால் அந்தப் புதுச் சந்தேகம் வந்துவிடும். காணொளியில் அவர் அந்த வாடையைப் பற்றி எப்போது முதல்முறை பேசுகிறார் என்று நேரத்தோடு குறியுங்கள்.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்ற கேள்விக்கு நம்மவர்களின் பதில் கிட்டத்தட்ட எல்லாக் கோப்பிலும் ஒன்றுதான்: "ரெண்டு பீர்." மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில் சொல்வது. சாலையோரக் கேள்விகளுக்கு, பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று சொல்லும் மிரண்டா எச்சரிக்கை தேவையில்லை என்று 1984லேயே தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பதில் அப்படியே சாட்சியம். லைசன்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். எங்கே குடித்தீர்கள் என்பதற்குப் பணிவாக, "பதில் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லலாம். கைதுக்குப் பிறகு எச்சரிக்கை சொல்லாமல் கேட்ட கேள்விகள் இருந்தால், அந்தப் பதில்களை விலக்கக் கேட்கலாம்.

களச் சோதனை மூன்று: பேனாவைக் கண்ணால் பின்தொடர்வது, கோட்டில் 9 காலடி போய்த் திரும்பி 9 காலடி வருவது, ஒற்றைக் காலில் நிற்பது. இதைச் சொல்லித்தரும் முறைக்கே தேசிய அளவில் பயிற்சிக் கையேடு இருக்கிறது. போலீஸ்காரர் சொன்ன அறிவுரையை அந்தக் கையேட்டோடு ஒப்பிட்டால் விட்டுப்போன வரிகள் தெரியும். முழங்கால் வலி, முதுகு ஆபரேஷன், வயது, உடல் எடை, சரளைத் தரை எல்லாம் கணக்கில் வரும். மருத்துவரின் பழைய சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.

ஊதச் சொன்னால்

இதில் சினிமா அறிவு ஆபத்து. நியூஜெர்சி சாலையில் ஓட்டுவதாலேயே மூச்சுச் சோதனைக்கு நீங்கள் சம்மதித்ததாகச் சட்டம் கொள்கிறது. கைதான பிறகு அதற்கு மறுக்கும் உரிமை இல்லை. "லாயரிடம் பேசிவிட்டு ஊதுகிறேன்" என்பதும் மறுப்பு, "டாக்டர் வரட்டும்" என்பதும் மறுப்பு, பேசாமல் நிற்பதும் மறுப்பு. மறுத்தால் முதல் முறைக்கே 9 முதல் 15 மாதம் இன்டர்லாக்; 0.09 காட்டி மாட்டியவரைவிட அதிகம். மறுத்தபின் கண்ணால் கண்ட சாட்சியத்தை வைத்து டிடபிள்யூஐயும் வரும். 'ஊதவே ஊதாதே' என்று நண்பர்கள் தரும் அறிவுரை இந்த மாநிலத்தில் இரண்டு வழக்கில் கொண்டுபோய் விடும்.

மறுத்ததாக வழக்கு வந்திருந்தால் பார்க்க வேண்டியது மொழி. மறுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கும் அரசு அறிக்கையைப் போலீஸ்காரர் வாசித்துக் காட்ட வேண்டும். 2010ல் மார்க்கெஸ் வழக்கில், ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் அதை ஆங்கிலத்தில் வாசித்திருந்தார்கள். புரியாத மொழியில் வாசிப்பது தெரிவிப்பதாகாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் மறுப்புத் தண்டனையை ரத்து செய்தது. குடித்து ஓட்டியதற்கான தண்டனை மட்டும் சாட்சியத்தின் பேரில் நின்றது. தினமும் ஆங்கிலத்தில் மீட்டிங் பேசும் ஐடிக்காரருக்கு இந்த வாதம் பலிக்காது. ஊரிலிருந்து வந்து கார் ஓட்டும் ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்குப் பலிக்கலாம்.

போலீஸ் சோதனை முடிந்தபின், உங்கள் செலவில் உங்களுக்கு வேண்டிய மருத்துவரிடம் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளும் உரிமை உண்டு. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மெஷினின் காகிதங்கள்

நியூஜெர்சி நீண்டகாலம் பயன்படுத்தி வந்த மெஷின் அல்கோடெஸ்ட் 7110. அதை நம்பலாமா என்று விரிவாக விசாரித்து, நம்பலாம், ஆனால் இந்த நிபந்தனைகளோடு என்று சொன்னது 2008ன் சுன் தீர்ப்பு. உங்கள் கோப்பைப் படிக்கும் லாயர் இந்த நிபந்தனைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

முதலாவது 20 நிமிடம். ஊதுவதற்கு முன் 20 நிமிடம் ஒருவர் உங்களை இடைவிடாமல் கவனித்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் எதையும் விழுங்கினாலோ, வாந்தி வந்தாலோ, உணவு மேலே எதுக்களித்தாலோ, வாயில் சூயிங்கமோ புகையிலையோ இருப்பது தெரிந்தாலோ, கடிகாரத்தை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடவிட வேண்டும். மெஷின் அளக்க வேண்டியது நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை. வாயில் தங்கிய மது கலந்தால் அளவு ஏறிவிடும். முதலில் ஏப்பத்தையும் பாக்கையும் எழுதச் சொன்னது இதற்குத்தான். கவனித்தவர் மெஷினை இயக்கியவராகவே இருக்கத் தேவையில்லை, ஆனால் கவனித்திருக்க வேண்டும். அறைக் காணொளியில் அவர் முதுகைக் காட்டி ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தால், அந்த நிமிடங்கள் கணக்கில் சேருமா என்று கேட்கலாம். செல்போன்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

இரண்டாவது, ஊதிய தாள். இரண்டு முறை ஊத வேண்டும். ஒவ்வொன்றையும் மெஷின் இரண்டு விதமாக, அகச்சிவப்பு ஒளியாலும் மின்வேதி முறையாலும் அளக்கும். ஆக நான்கு எண்கள். அவை தங்களுக்குள் குறிப்பிட்ட அளவுக்குள் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முறை ஊத வேண்டும். ஒவ்வொரு ஊதலும் 1.5 லிட்டர் காற்று, 4.5 வினாடி குறையாமல் இருக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 1.2 லிட்டர் போதும் என்று கோர்ட்டே குறைத்தது. வயதான அம்மா ஒருவர் மூச்சு போதாமல் திணறியதை மறுப்பு என்று எழுதியிருந்தால் இந்த வரியைத் தேடுங்கள்.

மூன்றாவது, பராமரிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்த்த சான்று, மெஷினைச் சரிபார்க்கப் பயன்படும் மதுக் கரைசலைப் புதிதாக மாற்றிய அறிக்கை, அந்தக் கரைசலின் ஆய்வுச் சான்றிதழ், மெஷினை இயக்கியவரின் தகுதிச் சான்று. இவற்றில் அடிப்படைத் தாள் இல்லாமல் எண்ணைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது.

காகிதம்தானே என்று நினைப்பவர்களுக்கு 2018ன் கேசிடி வழக்கைச் சொல்வேன். மெஷினுக்குள் போகும் கரைசல் 34 டிகிரி செல்சியஸ் சூட்டில், மேலே கீழே 0.2 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தேசிய அளவுத் தரத்தோடு பொருத்திய தனி வெப்பமானியால் அதைச் சோதிக்கும் ஒரு படியை, மாநிலப் போலீஸ் சார்ஜென்ட் ஒருவர் செய்யாமலே செய்ததாகக் காட்டினார் என்ற குற்றச்சாட்டு வந்தது. அந்தப் படி இல்லாமல் எடுத்த அளவுகளை நம்ப முடியாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அவர் கைபட்ட மெஷின்களில் ஊதியவர்களின் 20,667 முடிவுகள் கேள்விக்குள்ளாயின. ஐந்து கவுன்டிகளில் எடிசன் இருக்கும் மிடில்செக்ஸும் ஒன்று. ஒரு வெப்பமானியின் சான்றிதழ் இத்தனை பேர் வாழ்க்கையில் புகுந்திருக்கிறது.

இணையத்தில் அடிக்கடி வரும் ஒரு வாதம் இங்கே செல்லாது: 'ஓட்டும்போது அளவு குறைவு, ஸ்டேஷனுக்கு வந்தபின்தான் ரத்தத்தில் ஏறியது.' நியூஜெர்சியில் நியாயமான நேரத்துக்குள் எடுத்த அளவே கணக்கு என்று 1987ல் டிஷியோ வழக்கில் முடிந்துபோன விஷயம். அதற்கு நிபுணரைப் பிடித்துப் பணம் செலவழிக்காதீர்கள்.

ரத்தம் எடுத்திருந்தால் விதி வேறு. மூச்சுக்கு வாரன்ட் வேண்டாம், ரத்தத்துக்குப் பொதுவாக வேண்டும் என்பது 2016ன் பர்ச்ஃபீல்ட் தீர்ப்பு. மது ரத்தத்தில் குறைந்துகொண்டே போகிறது என்பது மட்டும் அவசரத்துக்குக் காரணமாகாது என்று 2013ல் மெக்னீலி தீர்ப்பு சொன்னது. மயங்கிக் கிடந்தவரின் நிலை தனி. விபத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வாரன்ட்டின் நேரத்தைப் பாருங்கள்.

கோர்ட் படிகள்

முதல் தேதியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 'நாட் கில்டி' என்று சொல்லி லாயருக்கு நேரம் கேளுங்கள். அவர் அரசுத் தரப்பிடம் டிஸ்கவரி கேட்பார்: ரிப்போர்ட், காணொளி, மெஷின் தாள்கள். வந்த பிறகு சாட்சியத்தை விலக்கக் கோரும் மனு. இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட முடியாது. மனு விசாரணையில் போலீஸ்காரர் கூண்டேறுவார். அங்கே அவர் சொல்வதும் காணொளியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு இளகும். 2024 பிப்ரவரிக்கு முன் இந்த மாநிலத்தில் டிடபிள்யூஐக்குச் சமரசப் பேச்சே கிடையாது. இப்போது அனுமதி இருப்பதால், வலுவான மனு பேச்சுவார்த்தையிலும் பயன்படும். தோற்றால் சுப்பீரியர் கோர்ட்டில் 20 நாளுக்குள் அப்பீல். அங்கே புதிதாகச் சாட்சி கேட்க மாட்டார்கள், கீழ்க்கோர்ட் பதிவைத்தான் மறுபடி பார்ப்பார்கள். கீழே எழுப்பாத கேள்வி மேலே கிடைக்காது.

இதையெல்லாம் தப்பிக்கும் வழி என்று யாரும் படிக்கக் கூடாது. இங்கே கைதானவரின் வண்டியை 12 மணி நேரம் பிடித்துவைக்கும் 'ஜான்ஸ் லா' இருக்கிறது. 2000ல் ஒருவரைக் குடிபோதைக்காகக் கைது செய்து, நண்பரிடம் ஒப்படைத்தார்கள். கைதானவர் திரும்பவும் அதே வண்டியை எடுத்து ஓட்டி, ஜான் எலியட் என்ற இளம் கடற்படை அதிகாரியைக் கொன்றார். அந்தச் சட்டம் எலியட்டின் பெயரில்தான் இருக்கிறது.

விசாவில் இருப்பவர்கள்

ஹெச்-1பி, எல்-1, மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குத் தண்டனைக்கு முன்பே சிக்கல் தொடங்கலாம். 2015 முதல், குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே தூதரகம் பாஸ்போர்ட்டில் குத்திய விசாவை ரத்து செய்யலாம். மின்னஞ்சலில் தகவல் வரும். இங்கே தங்கும் நிலை அதனால் மட்டும் முடிந்துவிடுவதில்லை, ஆனால் ஊருக்குப் போனால் புது ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப முடியாது. சென்னையில் நேர்காணலுக்கு முன் தூதரகம் குறித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு நாள் பிடிக்கும். தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போடும் முன் குடிவரவு லாயரைக் கேளுங்கள். படிவத்தில் 'எப்போதாவது கைதானீர்களா' என்ற கேள்விக்கு, வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் 'ஆம்' என்றே பதில். மறைத்தால் அது பொய் சொன்ன குற்றமாகி, டிடபிள்யூஐயைவிடப் பெரிதாகிவிடும்.

குடிவரவு விளைவைச் சொல்ல வேண்டியது உங்கள் கிரிமினல் லாயரின் கடமை என்று 2010ல் படில்லா வழக்கில் தீர்ப்பு வந்தாலும், முனிசிபல் கோர்ட் லாயர்கள் எல்லோருக்கும் விசா தெரியாது. இரண்டு லாயரையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள். தீர்ப்பு வந்ததும் கோர்ட் முத்திரையோடு சான்றளித்த நகலை நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பிங், கிரீன் கார்டு, குடியுரிமை ஒவ்வொன்றிலும் கேட்பார்கள். வருடங்கள் கழித்துக் கோர்ட்டில் போய்த் தேடினால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.